ஈந்தின் நிழலில் ஓர் அன்னை

சென்ற தவக்காலத்தில் ஒருநாள் மாலை, மடத்துக்குளத்தில் நமது பங்கு இல்லத்தின் திண்ணைக்கு மூதாட்டி ஒருவர் தம் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம். "மக குவைத்துல இருந்து அனுப்பிச்சாளுங்க சாமி. சாமிக்குக் குடுத்துட்டுத்தான் பிரிக்கோணும்னு வெச்சிருந்தேன்" என்றார். அவருடைய மகள் நான்கு ஆண்டுகளாக அங்கே ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறாள். கணவன் இறந்தபின் அவன் விட்டுச்சென்ற கடனை அடைப்பதற்காகக் கடல் கடந்தவள். அவள் விமானம் ஏறியபோது குழந்தைக்கு வயது நான்கு. இன்று அது மூன்றாம் வகுப்பில் படிக்கிறது.

பொட்டலத்தின்மேல் வண்ணப்படம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. மணல், வெயில், குலை தள்ளிய ஒரு நெடிய மரம். சிறுமி அந்த மரத்தின் அடியில் விரலை வைத்து, "சாமி, எங்கம்மா இங்கதான் இருக்கறாங்களா?" என்று கேட்டாள். பாட்டி அவளை அதட்டினார். மறையுரை ஆற்றிப் பழகிய நமது நாவுக்கு அவ்வேளையில் விடை எழவில்லை. "ஆமாம் பாப்பா, அந்த ஊரில்தான்" என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஆயினும் அந்தச் சிறு விரல் நம் நினைவை விட்டு அகலவில்லை. பாலைவனம், பேரீந்து, அதன் அடியில் ஒரு தாய். இம்மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவள் அக்குழந்தை மட்டும் அல்லள். ஓவியரும் சிற்பியரும் நாணயம் அச்சிட்டவரும் கவிஞரும் ஈராயிரம் ஆண்டுகளாக அவ்வாறே பார்த்து வந்திருக்கின்றனர். அதனை நமது வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் மரத்தைப் பற்றி. பேரீந்தில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காய்ப்பது பெண்மரமே. காற்று கொண்டுவரும் மகரந்தத்தை மட்டும் நம்பினால் விளைச்சல் சொற்பமாகும் என்பதால், ஆண்பூவின் கதிரை அறுத்து, பெண்மரத்தின் உச்சிக்கு ஏறி, அதன் பூங்குலையில் வைத்துக் கட்டுவது பன்னெடுங்காலமாக உழவர் கைக்கொண்ட முறை. கிறிஸ்துவுக்கு முன் 9ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசீர்பால் நிம்ரூது நகரில் எழுப்பிய அரண்மனைச் சுவர்களில், சிறகு முளைத்த உருவங்கள் கையில் வாளியும் கூம்பும் ஏந்தி ஒரு மரத்தின் இருபுறமும் நிற்கக் காணலாம். இது பேரீந்துக்கு மகரந்தம் சேர்க்கும் செயலின் சித்திரமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

மற்றொன்றும் உண்டு. நம் வாழையைப் போலவே பேரீந்தும் தன் அடியில் பக்கக்கன்று ஈனும். அக்கன்று சில ஆண்டுகள் தாயோடு ஒட்டியே நின்று, தாய் உறிஞ்சும் நீரையே தானும் பருகி, தனக்கென வேர் விட்டபின்னரே பிரித்து நடப்படுகிறது. முன்னதாகப் பிரித்தால் பிழைப்பது அரிது. இதனைப் படித்தபோது திண்ணையில் நின்ற அந்தச் சிறுமியை நினைக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

எபிரேய மொழியில் இம்மரத்தின் பெயர் தாமார். அதனையே பெண்மக்களுக்கும் இட்டார்கள். பழைய ஏற்பாட்டில் அப்பெயர் கொண்ட பெண்கள் ஒருவருக்கு மேற்பட்டோர் உளர். அவர்களுள் ஒருத்தியை மத்தேயு நற்செய்தியாளர் நம் ஆண்டவரின் வம்ச வரிசையிலேயே குறிப்பிடுகிறார். இஸ்ராயேலுக்கு நீதி வழங்கிய தெபோராள் அமர்ந்ததும் ஒரு பேரீந்தின் அடியில்தான். தெபோராளைத் தாய் என்றே மறைநூல் போற்றுகிறது. குருத்தோலை ஞாயிறன்று நாம் தென்னங்குருத்தை ஏந்துகிறோம். எருசலேம் மக்கள் ஏந்தியவை பேரீந்தின் ஓலைகள். நற்செய்தியாளர் நால்வருள் அருளப்பர் ஒருவரே மரத்தின் பெயரைச் சொல்லுகிறார்.

அதே மரத்தை உரோமையர் வேறு விதமாகப் பயன்படுத்தினர். கி.பி. 70இல் எருசலேம் அழிந்தது. அடுத்த ஆண்டே வெஸ்பாசியான் பேரரசன் வெற்றி நாணயங்களை வெளியிட்டான். நடுவில் குலை தொங்கும் பேரீந்து; அதன் அடியில், கையால் தலையைத் தாங்கித் தரையில் அமர்ந்து அழும் ஒரு பெண். தோற்ற நாட்டுக்கு அவன் கொடுத்த உருவம் அது. ஒரு நாட்டை அவமதிக்க நினைக்கும்போதும் ஆண்கள் ஒரு பெண்ணையே அழவைத்து அச்சிடுகின்றனர் என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

அழும் பெண்ணின் இடத்தில் பாலூட்டும் அன்னையை அமர்த்தியது கிறிஸ்தவ மக்களின் பக்தி. திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடியதைப் பற்றி நற்செய்தியில் இருப்பது மிகச் சில வரிகளே. வழியில் என்ன உண்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பது பற்றிய பேச்சே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பிற்காலத்தில் ஏடுகள் எழுந்தன. திருச்சபை அவற்றை மறைநூலாக ஏற்கவில்லை. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதப்பெற்று, 'போலி மத்தேயு' என்று பெயர் பெற்றது. குருமடத்தில் பயின்ற காலத்தில் இத்தகைய ஏடுகளைப் பாட்டி கதை என்று நாம் எள்ளியதுண்டு. இன்று எள்ளமாட்டோம். கதை இதுதான்:

பயணத்தின் மூன்றாம் நாள். வெயிலால் களைத்த மரியன்னை ஒரு பேரீந்தின் நிழலில் இறங்கி அமர்கிறார். அண்ணாந்து பார்த்து, அந்தப் பழத்தில் சிறிது கிடைத்தால் நன்றாயிருக்குமே என்கிறார். சூசையப்பருக்கோ வியப்பு. எட்டாத உயரத்தில் உள்ள பழத்தைப் பற்றி எண்ண எப்படி மனம் வந்தது, தோற்பையில் தண்ணீர் தீர்ந்துவிட்டதே என்பதல்லவா என் கவலை என்கிறார். பச்சைக் குழந்தையோடு வெளியூர் புறப்பட்ட எந்தக் கணவன் மனைவியும் பேசிக்கொள்ளும் பேச்சே இது. அப்போது அன்னையின் மடியில் இருந்த குழந்தை மரத்தைக் கட்டளையிட, மரம் தன் தலையை அன்னையின் காலடி வரையில் தாழ்த்துகிறது. பழம் பறித்தாயிற்று. பின்னர் அதன் வேரடியிலிருந்து நீரும் பெருகுகிறது. அன்னை கேட்ட பழமும் கிடைத்தது. சூசையப்பர் தேடிய தண்ணீரும் கிடைத்தது.

இக்கதை ஐரோப்பிய ஓவியரை ஆட்கொண்டது. ஜெர்மானியரான மார்ட்டின் ஷோன்காவர் ஏறத்தாழ 1470க்குப் பின் செதுக்கிய செப்புத்தகட்டு ஓவியத்தில், வானதூதர் ஒரு கூட்டமாக மரத்தின் உச்சியைப் பற்றி இழுத்து வளைக்கின்றனர். சூசையப்பர் எட்டிப் பழம் பறிக்கிறார். இத்தாலியரான கொரெஜியோ 1530ஐ ஒட்டி பார்மா நகர ஆலயம் ஒன்றுக்குத் தீட்டிய பெரும்படத்திலோ, மேகத்தின்மேல் நிற்கும் தூதர் மரத்தை வளைக்க, சூசையப்பர் ஒரு கையால் கிளையைப் பற்றி மறு கையால் பழத்தைக் குழந்தைக்கு நீட்டுகிறார். அன்னையின் கையில் ஒரு சாதாரணக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தாலேயே அப்படத்துக்கு 'கிண்ணத்து மாதா' என்று பெயர் வழங்குகிறது. தேவதாயின் கையில் செங்கோலையும் செபமாலையையும் பார்த்துப் பழகிய நமக்கு, தண்ணீருக்கு நீட்டிய அந்தக் கிண்ணம் மனத்துக்கு மிகவும் நெருங்கி நிற்கிறது.

இஸ்லாமிய அன்பர்களின் திருக்குர்ஆனில் 19ஆம் அத்தியாயம் மரியன்னையின் பெயரையே தாங்கியது. அங்கே இன்னும் ஒருபடி முன்னதாக, பேறுகால வேதனையிலேயே அன்னை ஒரு பேரீந்தின் அடிமரத்தை வந்தடைகிறார். துணைக்கு ஒருவரும் இல்லை. கலங்காதே என்ற குரல் கேட்கிறது. காலடியில் ஓடை ஓடுகிறது. மரத்தை அசைத்தால் கனிந்த பழம் உதிரும் என்று சொல்லப்படுகிறது. 1992இல் எருசலேமிலிருந்து பெத்லகேம் செல்லும் சாலையை அகலப்படுத்தியபோது, எண்கோண வடிவில் பழைய ஆலயம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. நடுவே ஒரு பாறை. பெத்லகேம் செல்லும் வழியில் அன்னை இளைப்பாறிய பாறை என்று 5ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் அதனைச் சுற்றி ஆலயம் எழுப்பியிருந்தனர். பின்னர் 8ஆம் நூற்றாண்டில், முஸ்லிம்களும் அங்கே தொழுத காலத்தில், தரையில் வண்ணக் கற்களால் ஒரு சித்திரம் பதிக்கப்பட்டது: நடுவில் குலை நிறைந்த பேரீந்து, இருபக்கமும் சிறு ஈந்துகள் இரண்டு. இரு சமயத்தாரும் ஒரு தாயின் களைப்பை நினைத்து ஒரே தரையில் முழங்கால் மடித்திருக்கின்றனர்.

இவை யாவும் கடலுக்கு அப்பால் நிகழ்ந்தவை. அமராவதிக் கரையில் வாழும் நமக்கு என்ன உண்டு என்று வாசகர் கேட்கலாம். மணல் மூடிய பாலைவனம் தமிழகத்தில் இல்லை. ஆயினும் முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று வகுத்தவர் நம் முன்னோர். அந்தப் பாலையை அவர்கள் ஒரு தாயின் கண்ணால் பார்த்தார்கள். காதலனோடு மகள் சுரம் கடந்து போய்விட, வீட்டில் இருந்து புலம்பும் தாய்க்கென்றே ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் பத்துப் பாடல்களை ஓதலாந்தையார் ஒதுக்கியிருக்கிறார். பேரீந்தின் சிறிய உறவினனாகிய ஈச்சையும் நமக்குப் புதிதன்று. ஓடையோரங்களில் முட்புதராய் நிற்பதும், பாயும் கூடையும் துடைப்பமும் ஆவதும் அதுவே. அதனை முடைகிற கைகள் இங்கும் பெண்களின் கைகள்தாம். பழந்தமிழில் அதன் பெயர் ஈந்து.

அந்த ஈந்தின் கீழ் ஒரு தாயைத் தமிழ்க் கவிஞர் ஒருவரும் கிடத்தியிருக்கிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பத்துப்பாட்டுள் ஒன்று. 500 அடிகளைக் கொண்டது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியிராவிட்டால் நம்போன்றோர் கைக்கு இது எட்டியிராது. வறுமையில் வாடும் பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்தும் இந்நூல், வழியில் எயினர் வாழும் பாலை நிலத்தைக் காட்டுகிறது.

அங்கே குடிசைகள் ஈந்தின் ஓலையால் வேயப்பட்டவை. ஓலை சிலிர்த்து நிற்கும் கூரை முள்ளம்பன்றியின் முதுகு போல் தோன்றுகிறதாம். உள்ளே மான்தோல் படுக்கை. அதன்மேல் அண்மையில் பிள்ளை பெற்ற ஒருத்தி, தன் மகவை அணைத்துச் சுருண்டு படுத்திருக்கிறாள். மற்றப் பெண்கள் அவளை அங்கேயே இருக்கவிட்டு வெளியே போகிறார்கள். போனவர்கள் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிண்டிப் புழுதியில் குளித்து, மெல்லிய புல்லரிசியைச் சேர்க்கிறார்கள். விளாமர நிழலில், தரையிலேயே குழித்த உரலில் அதை இட்டுக் குற்றுகிறார்கள். ஆழக்கிணற்றில் ஊறிய சிறிதளவு உவர்நீரை முகக்கிறார்கள். வாய் உடைந்த பானையை, உடைந்த அடுப்பின்மேல் ஏற்றுகிறார்கள். உப்புக்கண்டத்தோடு சோறு வேகிறது. அந்தச் சோற்றில் வழிப்போக்கனாகிய பாணனுக்கும் அவன் சுற்றத்துக்கும் தேக்கிலையில் குவித்துப் பங்கு உண்டு.

இவ்விடத்தை நாம் பலமுறை படித்தோம். கொரெஜியோவின் படத்தில் ஒளி உண்டு, மேகம் உண்டு, வானதூதர் உண்டு. உருத்திரங்கண்ணனாரின் படத்தில் மரம் வளையவில்லை, ஊற்று பெருகவில்லை. இருக்கும் கிணறும் உவர்க்கிறது. ஆனால் ஈன்றவள் எழுந்திருக்க வேண்டியதில்லை. அவள் பங்குப் புழுதியை மற்றவர்கள் பூசிக்கொள்கிறார்கள். கவிஞர் அவளைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை. அவளைப் படுக்கவிட்டுச் சென்றார்கள் என்று சொல்லிவிட்டு, சென்றவர்களின் பின்னே போய்விடுகிறார். தாய்மையைப் பாடுவோர் பெரும்பாலும் தாயையே பாடுவர். அவளுக்காக நிலத்தைக் கிண்டியவர்களைப் பாடியவர் மிகச் சிலர்.

வீரமாமுனிவரும் இங்கே நினைவுக்கு வருகிறார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடி, எகிப்துப் பயணத்தைத் தமிழில் விரித்தவர் அவர். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி அன்னையின் சுரூபம், சேலை உடுத்திக் குழந்தையை ஏந்திய தமிழ்த்தாயாகவே நிற்கிறது. மணிலாவில் செய்வித்துக் கப்பலில் வரவழைத்தார் என்பர். அன்னையை நம் வீட்டுப் பெண்ணாகக் காண அந்த இத்தாலியர் நமக்குக் கற்றுக்கொடுத்தார். நம் வீட்டுப் பெண்ணை அன்னையாகக் காண்பது நம் பாடு.

இதனைச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரிலிருந்து விடியற்காலையில் பனியன் கம்பெனி வேன்களும் நூல் மில் வேன்களும் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. நமது பங்கில் செக்கிங் வேலைக்குச் செல்லும் இளம்பெண் ஒருத்தி, தலைப்பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள் மீண்டும் வேனில் ஏறினாள். பேறுகால விடுப்பைச் சட்டம் 2017இல் 26 வாரங்களாக உயர்த்தியது உண்மையே. ஆனால் பதிவேட்டில் பெயரில்லாமல் வாரக்கூலிக்கு நிற்பவளுக்கு 26 நாளும் இல்லை. நின்றால் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அவள் வெளியூர்க்காரி, தாயும் மாமியாரும் அருகில் இல்லை. மார்பில் பால் கட்டி, காய்ச்சலோடு அவள் ஞாயிறு பூசைக்கு வந்ததை நாம் பீடத்திலிருந்தே கண்டோம். கண்டு என்ன செய்தோம்? பூசை முடிந்து, உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா என்றோம்.

செய்தவர்கள் அவள் குடியிருந்த வரிசை வீட்டுப் பெண்கள். அவர்களில் இருவர் நம் மறையினர் அல்லர். கரும்பு வெட்டுக்குப் போகும் ஒருத்தியும், வீட்டிலேயே இட்லிக்கடை வைத்திருக்கும் ஒருத்தியும், கண்பார்வை மங்கிய ஒரு கிழவியும் முறைபோட்டுப் பிள்ளையைப் பார்த்தனர். பத்து நாள் அவளை வேலைக்கு அனுப்பாமல் நிறுத்தி, அந்தப் பத்து நாள் கூலியைத் தங்களுக்குள் பிரித்துப் போட்டனர். இதனை அவர்கள் நம்மிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத் திருமுழுக்குக்குப் பதிவு செய்ய வந்தபோது அவள்தான் சொன்னாள். அதுமுதல் பங்கு மண்டபத்தின் பின்னறையில் பகல்நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அருட்சகோதரிகள் இருவர் இசைந்துள்ளனர். இப்போது ஏழு தொட்டில்கள் உள்ளன. தொட்டில் துணி பனியன் கம்பெனிக் கழிவுத் துணி. நன்றாக இழுத்துக் கொடுக்கிறது.

இஸ்ராயேல் நாட்டிலிருந்து ஒரு செய்தியையும் இங்கே குறிப்பிட விரும்புகிறோம். மசாதா மலைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த பேரீந்து விதைகளில் ஒன்றை 2005இல் நட்டனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் உறங்கிய அவ்விதை முளைத்தது. அதற்கு மத்தூசலா என்று பெயரிட்டனர். வளர்ந்து பூத்தபின் அது ஆண்மரம் என்று தெரிந்தது. ஆண்மரம் காய்க்காதே! பின்னர் யூதேயப் பாலையின் வேறு இடங்களில் கிடைத்த பழைய விதைகளையும் முளைக்க வைத்தனர். அவற்றுள் ஒரு பெண்மரம் தேறியது. பிள்ளைக்காக ஆலயத்தில் அழுது மன்றாடிய சாமுவேலின் தாயை நினைந்து அதற்கு அன்னாள் என்று பெயர். மத்தூசலாவின் மகரந்தத்தைக் கையால் எடுத்து அன்னாளின் பூவில் சேர்த்தனர். 2020இல் அன்னாள் நூற்றுக்கும் மேற்பட்ட பழங்களை ஈன்றாள்.

சிறுமியிடம் திரும்புவோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதைகளைச் சிறுவர்க்கு நாம் சொன்னோம். மரம் வளைந்த கதையையும் சொன்னோம், எயினர் குடிசையின் கதையையும் சொன்னோம். அடுத்த வாரம் அவள் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். பேரீந்தை நேரில் பார்த்திராதவள் ஆதலால், மரம் தென்னை போலவே இருந்தது. குலை மட்டும் செம்மஞ்சள். மரம் வளையவில்லை. அதன் அடியில் மூன்று பெண்கள். ஒருத்தி படுத்திருக்கிறாள், ஒருத்தி அடுப்பருகில் இருக்கிறாள், ஒருத்தி குடம் சுமக்கிறாள்.

படுத்திருப்பது தேவதாயா என்று கேட்டோம். "இல்லைங்க சாமி, எங்கம்மா. போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. இவங்க அதே ரூம்ல இருக்கற கேரளாக்காரங்க. கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க. இவங்க சிலோன் அக்கா. அம்மாவோட டூட்டியையும் சேத்துப் பாத்தாங்க. அம்மா போன்ல சொன்னாங்க" என்றாள்.

படத்தை மண்டபத்தின் பின்னறையில், தொட்டில்களுக்கு மேலே ஒட்டச் சொன்னாள். ஒட்டியிருக்கிறோம்.